நாற்பத்தொரு நிமிடம்

வெள்ளிக்கிழமை மாலை 4.05க்கு என் செல்பேசித் திரையில் இருந்த சின்ன மஞ்சள் விமானம் மறைந்தது. அப்போது நான் பயப்படவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். எல்லாம் தெரிந்த பிறகு, அந்த நிமிடமே நெஞ்சு அடித்துக்கொண்டது என்று எழுதத் தோன்றுகிறது. அது பொய்.

அந்த விமானத்தில் என் அண்ணன் திலீபன் இருந்தான். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து ஊருக்கு வருகிறான். மாலை 6.10க்குக் கொச்சியில் இறங்க வேண்டும். அப்பா காலையிலேயே ஊர்க்காரர் ஒச்சாண்டி அண்ணனின் காரில் குமுளி வழியாகக் கிளம்பிவிட்டார். சுருளிப்பட்டி வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். நான் கம்பத்தில் செல்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். அன்று அரை நாள் விடுப்பு. அம்மா பணியாரத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் செல்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி, எங்க போச்சு? இங்கனதான இருந்துச்சு?"

"கடலுக்கு மேல போயிருச்சும்மா. கரையில இருக்கிற ஆன்டெனாதான் இதக் காட்டும். ரொம்பத் தூரம் போனா எட்டாது."

நான் போகும் மின்னணுத் தொடர்பு மாலை வகுப்பில் அதற்கு முந்தைய வாரம்தான் இந்தப் பாடம் நடந்திருந்தது. விமானம் தான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி வானொலியில் சொல்லிக்கொண்டே போகும். கரையில் ஆங்காங்கே ஆட்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் ஆன்டெனாக்கள் அதைக் கேட்டு, செல்பேசிச் செயலிக்கு அனுப்பும். நானூறு கிலோமீட்டர் தாண்டினால் பூமியின் வளைவு இடையில் வந்துவிடும். மேகமலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பஸ் நம் ஊரிலிருந்து தெரியாதது போலத்தான். இதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"அப்ப நடுக்கடல்ல யாரு பாப்பாக?"

"ரேடியோவுல பேசிக்கிட்டே போவாகம்மா. சேட்டிலைட் வேற இருக்கு. ரெண்டு கரையிலயும் ஆபீசுல ஆளுக உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாக."

"பாத்துக்கிட்டே இருப்பாகளா?"

"ஆமா."

அந்த 'ஆமா'வை நான் எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. இந்தப் பாடத்தில் மூன்று வகுப்புதான் முடிந்திருந்தது. அம்மா நிம்மதியாக மாவை வழிக்கப் போனாள்.

நம் கரையின் எல்லைக்குள் விமானம் மறுபடியும் தெரிய வேண்டிய நேரம் 5.20. நானாகப் போட்ட கணக்கு. 5.20க்குத் தெரியவில்லை. கணக்குத் தப்பாக இருக்கும் என்று மறுபடியும் போட்டேன், அதே 5.20தான் வந்தது. 5.31க்கும் இல்லை. ஆன்டெனா வைத்திருப்பவர் வீட்டில் கரண்ட் போயிருக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். 5.44க்கு அதை அடித்தேன். கேரளக் கரை முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போகாது. மற்ற விமானங்கள் எல்லாம் அதே கடலில் எறும்பு போலத் தெரிந்துகொண்டிருந்தன.

5.50க்கு அப்பா கூப்பிட்டார். "போர்டுல லேட்டுன்னு போட்ருக்காக. எவ்வளவு நேரம்னு போடல. நீ போன்ல பாரு தாயி, எங்கன வருது?"

"வந்துக்கிட்டு இருக்குப்பா" என்றேன். இது அன்றைய என் முதல் பொய்.

அம்மாவிடம் செய்முறைத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் கம்பத்துக்குப் போனேன். இரண்டாவது பொய். தேர்வு எதுவும் இல்லை. மாலை வகுப்பு எடுக்கும் கிறிஸ்டோபர் சாரைப் பார்க்க வேண்டும். அவரோடு படித்த ஒருவர் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ரேடியோக் கருவிகளைப் பழுது பார்ப்பவர் என்று வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தார்.

வகுப்பு ஒரு உரக்கடையின் மாடியில். உள்ளே நுழைந்ததும், ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கும் வேல்பாண்டி கத்தினான்.

"ஏ, நாகஜோதி வந்துட்டாகப்பா! அண்ணன் வர்ற அன்னைக்குக்கூட லீவு போட மாட்டியா? செண்டு பாட்டில்ல எங்களுக்குப் பங்கு குடுக்கணுமேன்னு அவுக வீட்லயே தொரத்திட்டாக போல."

நான் செல்பேசியை அவன் முன் நீட்டினேன். அவன் விமான எண்ணைப் படித்தான், நேரத்தைப் படித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினான். கிண்டல் செய்கிற ஆள் இப்படி நாற்காலி தந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. மணி 6.22.

கிறிஸ்டோபர் சார் வராந்தாவில் நின்று போன் பேசினார். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நாலு நிமிடம் பேசினார். பிறகு போனை வைத்துவிட்டு, திரும்பாமல் அப்படியே நின்றார்.

உள்ளே வந்ததும் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசினார். "நாஞ் சொல்றது இன்னும் வெளிய வரல. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அந்தக் கரை ஆபீசுல 4.31க்கு, 'இனிமே அடுத்த கரையோட பேசுங்க'ன்னு சொல்லி அனுப்பியிருக்காக. பைலட்டு சரின்னு சொல்லியிருக்காரு. அதுதான் கடைசி. இந்தக் கரையோட அவரு பேசவே இல்ல."

"இந்தக் கரையில தேடலையா சார்?"

"அந்தக் கரை இவுககிட்ட இருக்குன்னு நெனச்சிருக்கு. இவுக, இன்னும் அவுககிட்டதான் இருக்குன்னு நெனச்சிருக்காக. 5.12க்கு ஒருத்தரு சந்தேகப்பட்டு அந்தப் பக்கத்துக்குப் போன் போட்டு, 'அனுப்பிட்டீங்களா?'ன்னு கேட்டிருக்காரு."

"சேட்டிலைட்டு?" வேல்பாண்டி கேட்டான்.

"இந்த விமானத்துல பத்து நிமிசத்துக்கு ஒருதடவதான் இடத்தச் சொல்லும். அதுவும் 4.31க்கு அப்புறம் வரல. கரண்டு போனாலும் நிக்கும். ஆளு அணைச்சாலும் நிக்கும். ஒடஞ்சாலும் நிக்கும். எதுன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது."

4.31இலிருந்து 5.12. நாற்பத்தொரு நிமிடம். நோட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணிக்கு எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் என்றால், நாற்பத்தொரு நிமிடத்தில் ஐந்நூற்று எண்பது. எந்தத் திசையில் என்று தெரியாது, ஆகவே வட்டம். வட்டத்தின் பரப்பைப் போட்டேன். தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு. மரம் இல்லாத, விளக்கு இல்லாத எட்டு தமிழ்நாடு, அதில் ஓர் அண்ணன். வேல்பாண்டி நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினான்.

அம்மாவிடம் நான் சொன்னது முழுப் பொய்யில்லை. இரண்டு கரையிலும் ஆட்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

ஒன்றை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். அது என் நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் அதை எடுத்துப் பார்த்தேன்.

அண்ணன் முதலில் எடுத்திருந்தது இந்த விமானம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை 11.10க்குக் கிளம்பும் விமானம். டிக்கெட்டை அனுப்பியதும் அம்மா, "காலண்டரப் பாருடி" என்றாள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. நான் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவன் சிரித்துக்கொண்டே பதில் அனுப்பினான். "ஏ புள்ள, பிளேனுக்கு ஏது ராகு காலம்? சரி, ஆத்தா மனசுக்காக மாத்துறேன். ஒண்ணரைக்கு ஒண்ணு இருக்கு, அதப் பாரு." ஒன்றரை மணி காலண்டரில் எந்தக் கெட்ட நேரத்திலும் இல்லை. 'பார்த்தாயிற்று, சரி' என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்த ஊர் நேரம். காலண்டரில் இருப்பது நம் ஊர் நேரம். நாம் அவர்களுக்கு ஒன்றரை மணி முன்னால். அவன் விட்ட 11.10 நமக்கு 12.40, ராகு காலம் முடிந்துவிட்டது. அவன் ஏறிய 1.30 நமக்கு மூன்று மணி. வெள்ளிக்கிழமை மூன்று முதல் நாலரை வரை எமகண்டம்.

'நம்ம நேரம் மூணுக்குக் கிளம்பிருச்சும்மா' என்று அன்று மதியம் நானே சொன்னேன். எனக்கும் உறைக்கவில்லை, அம்மாவுக்கும் உறைக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வகுப்பில் அப்படித்தான் சொல்வேன். நம்பாதவள் ஏன் அதை ஆட்டோவில் மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பஞ்சாங்கத்தைத் தள்ளிவிட்டாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. 11.10 விமானம் பத்திரமாகக் கொச்சியில் இறங்கிவிட்டது. அதிலிருந்து அவனை இறக்கி இதில் ஏற்றியது நான்.

அன்று இரவு எட்டரைச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீடு முழுக்க ஆட்கள். அதை எழுத முடியவில்லை.

சனிக்கிழமை காலை 9.10க்கு அப்பா எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு மலையாளப் பெண். "நான் ஏஞ்சல், ஏர்லைன்ஸ்ல இருந்து. அச்சன் இங்க என் பக்கத்துலதான் இருக்காரு. ஒரு சம்சயம் உண்டு, மோளே. திலீபன் பிச்சைமணி, இந்தப் பேரு ரெண்டு லிஸ்ட்லயும் வருது. 11.10லயும் உண்டு, 1.30லயும் உண்டு. டிக்கெட் மாத்தினது உறுதியா?"

ஒருவேளை மாற்றுவதாகச் சொல்லிவிட்டு மாற்றாமலே வந்திருந்தால்? எங்களைத் திகைக்க வைக்க முன்னதாகவே கிளம்பி வந்து, கொச்சியில் யாராவது நண்பன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தால்? அவன் அப்படிச் செய்கிற ஆள்தான். நேற்றிலிருந்து அவன் போன் அணைந்திருப்பதற்கும் அது காரணமாகும்.

"மாத்துறேன்னு சொன்னான். மாத்தினானான்னு தெரியாது" என்றேன். "நல்லாப் பாருங்கக்கா. கேட்டுல கார்டு ஸ்கேன் பண்ணுவாகள்ல, அதப் பாருங்க."

"நோக்கிட்டு விளிக்கறேன்." பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாளாம்.

பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எனக்கு அண்ணன் உயிரோடு இருந்தான். கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, அவனை என்னென்ன சொல்லித் திட்ட வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று இரண்டு முறை வாசல்படி வரை வந்து திரும்பினேன். சொல்லாமல் இருந்ததுதான் இந்த இரண்டு நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.

9.22க்கு அப்பாவே பேசினார். குரல் தட்டையாக இருந்தது.

"ஏறியிருக்கான் தாயி. 1.30 பிளேன்ல. பழைய லிஸ்ட்ல பேர எடுக்காம விட்டிருக்காக, அவ்வளவுதான். இருபத்திரெண்டாவது வரிசை, சன்னல் சீட்டாம்."

அவரே தொடர்ந்தார். "செவ்வாக்கெழம எனக்கும் போன் போட்டான். 'மாத்தாட்டி என்னப்பா'ன்னு கேட்டான். ஆத்தா சொல்றா, கேட்டுக்கடான்னு சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்கம்மா கேட்டா, அவனா மாத்திக்கிட்டான்னு சொல்லிரு. காலண்டர் பேச்ச எடுக்காத. அவ தாங்க மாட்டா."

உள்ளே போனேன். வாசலில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் உள்ளே, சுவரில் சாய்ந்து இருந்தாள். தலைக்கு மேலே காலண்டர். வெள்ளிக்கிழமைத் தாளை யாரும் கிழிக்கவில்லை.

"போன்ல யாரு, உங்கப்பாவா? என்ன சொன்னாக?"

"அதுல ஏறியிருக்கானாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை. "உங்கப்பா வேற என்ன சொன்னாக?"

அவனா மாத்திக்கிட்டான் என்ற சொற்கள் வாய்வரை வந்தன. இரண்டு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, மூன்றாவது சுலபம். ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனா மாத்திக்கிட்டான்னு சொல்லச் சொன்னாக. அவனா மாத்தலம்மா. நான்தான் மாத்தச் சொன்னேன். மாத்தும்போது தப்பாப் பாத்துட்டேன். அந்த ஊரு மணிய நம்ம காலண்டர்ல வச்சுப் பாத்துட்டேன். அங்க ஒண்ணரைன்னா நமக்கு மூணும்மா."

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எக்கி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எமகண்டத்தில் விரல் நின்றது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாருடின்னு சொன்னது நானு" என்றாள். "எந்த ஊரு மணின்னு நீ அன்னைக்கே கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது."

விரலைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை. வாசலில் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"ஏத்தா, அப்ப அவன் இருக்கிற எடத்துல இப்ப மணி என்ன?"

அப்போது நம் நேரம் 9.40. ஒன்றரை மணியைக் கழிக்க எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் எந்த இடத்திலிருந்து எதைக் கழிப்பது? அந்த எட்டு தமிழ்நாட்டை நினைத்தேன். இப்போது அது எட்டு அல்ல, எத்தனை என்று கணக்கிடவே பயமாக இருந்தது. வாய் தானாகச் சொன்னது.

"எட்டு பத்தும்மா."

அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போய் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களிடம் சொன்னாள். "அவனுக்கு இப்பத்தேன் எட்டு பத்தாம். எம்மக பாத்துச் சொல்லிட்டா."

அவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எந்த இடத்தை வைத்து மணி பார்த்தாய் என்று அவர்களில் ஒருத்தி கேட்டுவிடக்கூடாதே என்று, கதவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.