வெள்ளை அரளி சொன்ன டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐஸ் வண்டி எங்கள் தெருவைக் கடந்த நேரத்தில்தான் வக்கீல் கடைசியாகக் குரைத்தது. வக்கீல் என்பது எங்கள் நாய். தெருவில் போகிற யாரைப் பார்த்தாலும் ஒரு குறை கண்டுபிடித்து வாதாடும் என்பதால் என் மனைவி மணிமேகலை வைத்த பெயர். பால்காரர், பஸ் ஹாரன், தக்காளிக் கூடை ஏற்றிப் போகும் டெம்போ என்று மாரண்டஹள்ளியில் அதனிடம் வழக்கு இல்லாதவர்கள் குறைவு.

நான் பாலக்கோடு தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க முத்திரை குத்தும் சத்தம். வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகமும், யாரும் பேசாத இரண்டு மணி நேரமும் போதும். நான்கு வருடமாகக் கிடைக்காத அந்த இரண்டு மணி நேரம் அன்று மாலை கிடைத்தது. நாற்பது பக்கம் படித்தேன். மனதுக்குள் நாய்க்கு நன்றிகூடச் சொன்னேன்.

திங்களன்று அது சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாயோரம் எச்சில் ஒழுகியது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து பார்க்கப் போனால் தலையைத் திருப்பிக்கொண்டது. செவ்வாயன்று ஐஸ் வண்டி மணியடித்தும் சுவரோரத்திலிருந்து எழவில்லை. என் புத்தகமும் அதே பக்கத்தில் கிடந்தது. நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது இந்த அமைதியை அல்ல.

"ஏங்க, டாக்டருகிட்ட காட்டிரலாம்" என்றாள் மேகலை.

"காட்டலாம்."

"எந்த டாக்டருகிட்ட?"

எங்கள் பக்கம் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் மாட்டு டாக்டர் என்றுதான் பெயர். மாட்டை வைத்துத்தான் அவர்களை எடைபோடுவார்கள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாளுக்கு இரண்டு கறவை மாடுகள். வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் தானாகவே தீர்ப்புச் சொன்னாள்.

"நம்மூரு கவருமெண்டு டாக்டரம்மாகிட்ட போங்க தம்பி. எஞ் செவலைக்குக் கன்னு குறுக்கால மாட்டிக்கிச்சு. தோளு வரைக்கும் கைய உட்டு எடுத்தாங்க. அப்படியாப்பட்ட கை."

வக்கீல் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"நாய்க்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லைங்கக்கா" என்றேன்.

"மாட்டுக்கே போற கை. நாய்க்குப் போவாதா?"

தக்காளி மண்டி வைத்திருக்கும் கலைவாணன் வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. அவரிடம் மேகலை போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"தர்மபுரிக்குப் போங்க. புது ஆஸ்பத்திரி, சுவரெல்லாம் பால் மாதிரி வெள்ள. ஏசி இருக்குது. நாய் ஏறி நிக்க எடை மிஷினு இருக்குது. எங்க ஜிம்மி பொறந்த நாளுக்கு மெசேஜ் அனுப்பறாரு அந்த டாக்டரு. எனக்கே யாரும் அனுப்பறதில்ல. போனதும் ரெண்டு ஊசி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

ரெண்டு ஊசி என்றதும் மேகலை முடிவு செய்துவிட்டாள்.

"நம்மூரு டாக்டரம்மா ஊசியே போடறதில்லையாம். போன மாசம் ராணியம்மாள் ஆட்டப் புடிச்சிட்டுப் போயிருக்கா. ரொம்ப நேரம் சும்மா பாத்துட்டு, தீவனத்த மாத்துன்னு அனுப்பிட்டாங்களாம்."

"ஆடு என்ன ஆச்சு?"

"நல்லாயிடுச்சு. அது வேற."

எனக்கு அந்த டாக்டரம்மாவைத்தான் பிடித்திருந்தது. ஒருமுறை ஒரு பதிவுத் தபால் விஷயமாக அவருடைய கால்நடை மருந்தகத்துக்குப் போயிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வெள்ளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடும் அவரைப் பார்த்தது. பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. இந்த ஊரில் இப்படி இன்னொருவரும் இருக்கிறார் என்று ஆறுதலோடு திரும்பினேன்.

நாங்கள் சண்டை போடவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் நான் பேசாமல் இருப்பேன், அவள் பாத்திரம் கழுவுவாள். சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் கழுவி முடித்துவிட்டு வந்து சொன்னாள்.

"முனியப்பன் கோயில்ல பூ கேட்டுரலாம்."

எங்கள் ஊரில் பெண் பார்ப்பது முதல் போர்வெல் போடுவது வரை பூ கேட்டுத்தான் செய்வார்கள். சிவப்பு அரளி ஒன்றையும் வெள்ளை அரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். எந்தப் பூவுக்கு என்ன பதில் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் இருப்பதுதான் சாமியின் வாக்கு.

"மனசுக்குள்ளயே நெனைங்க. வாய உட்டுச் சொன்னாப் பலிக்காது" என்றார் சென்றாயன் பூசாரி.

கண்ணை மூடினேன். டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு நினைவுக்கு வந்தது. வெள்ளை என்றால் அவர்.

சென்றாயன் இலையைப் பிரித்தார். வெள்ளை.

திரும்பிப் பார்த்தேன். மேகலையின் முகம் மலர்ந்திருந்தது. தன் பக்கம் வராதபோதும் இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறாளே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அன்று மாலை நான் பாத்திரம் கழுவினேன். எனக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடமாகிறது. இனிப்பு என்ற பேச்சே வீட்டில் கிடையாது. அன்று மேகலை என் காப்பியில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். இவ்வளவு அன்பான ஒரு மாலை எங்களுக்கு வாய்த்துப் பல வருடங்கள் இருக்கும்.

புதன் காலை நாயை நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே குமாரின் ஆட்டோ நின்றது. மேகலை உள்ளே உட்கார்ந்து மடியில் பழைய துண்டை விரித்திருந்தாள்.

"எங்கிங்க நடத்திக் கூட்டிட்டுப் போறீங்க?"

"மருந்தகத்துக்கு. வெள்ளப் பூ வந்துச்சே."

"அதத்தான் நானும் சொல்றேன். வெள்ளப் பூ வந்துச்சே. ஏறுங்க."

குமார் ஒருமுறை என்னைப் பார்த்தான், ஒருமுறை அவளைப் பார்த்தான், பிறகு இன்ஜினை அணைத்தான்.

"வெள்ளைன்னு நீங்க யார நெனச்சீங்க?" என்றாள் மேகலை மெதுவாக.

"டாக்டரம்மாவ. கோட்டு வெள்ளைதான? நீ?"

"தர்மபுரிய. சுவரு வெள்ளைன்னு கலைவாணன் சொன்னாருல்ல."

சென்றாயனுக்குப் போன் போட்டோம்.

"ஒருத்தருதான நெனைக்கோணும்? ரெண்டு பேரும் நெனச்சா சாமி யாருக்குன்னு சொல்லும்?" என்றார்.

"இன்னொரு வாட்டி கேக்கலாங்களா?"

"ஒரே கேள்விய அமாவாசைக்கு முன்னால திருப்பிக் கேட்டா முனியப்பனுக்குக் கோவம் வரும். எனக்கும் வரும்."

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வக்கீல் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. செருப்பெல்லாம் எச்சில். மூன்று நாளில் அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. ஒன்பது நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வருடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினேன்.

"மேகலை, மருந்தகம் கூப்புடு தூரத்துல இருக்குது. மொதல்ல அங்க போலாம். குமாரு வாசல்லயே நிக்கட்டும். அவங்க ஊசி போடலைன்னா அப்படியே ஏறி தர்மபுரி போயிரலாம்."

"ஊசி போடலைன்னா தர்மபுரி. பேச்சு மாறக் கூடாது."

"மாறாது."

டாக்டரம்மா பெயர் தேன்மொழி. நாயைத் தரையில் விடச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். மின்விசிறி சுற்றியது. மேகலை என் காதருகே, "முழிச்சுட்டுத்தான் இருக்காங்களா?" என்றாள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஞாயித்துக்கெழம மதியத்துல இருந்துங்க" என்றாள் மேகலை.

"அதுக்கு முன்னால என்ன தின்னுச்சு?"

"காலைல பால்சோறுங்க. வேற ஒண்ணும் நாங்க குடுக்கலிங்க. நான் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிட்டேன். இவருதான் வூட்ல இருந்தாரு."

டாக்டரம்மா நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசி அறிவிப்பை இரண்டு முறை படித்தேன்.

பிறகு அவர் எழுந்தார். மேல் தாடையில் ஒரு துணிப்பட்டை, கீழ்த் தாடையில் ஒரு துணிப்பட்டை. உதவியாளர் இரண்டையும் இழுத்துப் பிடிக்க, வாய் திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். டக்கென்று ஒரு சத்தம். தட்டில் ஒரு பொருள் விழுந்தது.

"மேல்வாயில ரெண்டு பக்கப் பல்லுக்கும் நடுவுல குறுக்கால மாட்டியிருக்கு. ஐஸ் குச்சி."

நான் வாழ்க்கையில் பல மௌனங்களை விரும்பி அனுபவித்திருக்கிறேன். அந்த மௌனம் அவற்றில் சேராது.

ஞாயிறு மதியம் மேகலை இல்லாத நேரத்தில் ஒரு சேமியா ஐஸ் வாங்கினேன். வக்கீல் என் எதிரே வந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாதாடியது. கடைசித் துண்டைக் குச்சியோடு அதன் வாயில் வைத்தேன். உடனே வழக்கு முடிந்தது. நான் புத்தகத்தை எடுத்தேன்.

மேகலை குச்சியைப் பார்த்தாள். "உங்க சுகரு எவ்வளவு இருக்குதுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

"அவங்க மாட்டு டாக்டரு மேகலை."

"பரவால்ல, சொல்லுங்க."

டாக்டரம்மா வாய்ப்புண்ணுக்கு ஒரு மருந்து கொடுத்தார். இரண்டு நாள் கஞ்சி என்றார். மேகலை விடவில்லை.

"ஒரு சத்து ஊசியாச்சும் போடலாங்களே?"

"இதுக்கு வேண்டாம்" என்றார் அவர். இதுக்கு என்பதைச் சற்று அழுத்திச் சொன்னதுபோல எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தோம். வக்கீல் தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் சளக் சளக்கென்று நிறுத்தாமல் குடித்தது. குமார் இன்ஜினைக் கிளப்பினான். "வூட்டுக்குங்களா?"

"தர்மபுரிக்கு" என்றாள் மேகலை.

"அதான் சரியாயிடுச்சே" என்றேன்.

"ஊசி போடலைன்னா தர்மபுரின்னு நீங்கதான சொன்னீங்க? உங்க சுகர் டாக்டரு அங்கதான இருக்காரு. ஆறு மாசமா நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டிருக்கீங்க. அவரும் வெள்ளக் கோட்டுதான் போட்டிருப்பாரு. ஏறுங்க."

ஏறினேன். வக்கீல் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தது. பஸ் நிலையம் தாண்டும்போது எதிரே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. நாய் எழுந்து நின்றது. முதலில் வண்டியைப் பார்த்து ஒருமுறை குரைத்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

பாலக்கோடு வரும்வரை நிறுத்தவில்லை. மேகலை அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "ம், அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.