சுவரின் தொப்பை

அந்தக் குடியிருப்பில் முப்பத்தாறு வீடுகள். முப்பத்தாறிலும் அவளை த்ரீடி அக்கா என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஒட்டிய பெயர், நாளாக நாளாக நிலைத்துவிட்டது.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிவி பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. பெட்டி மாதிரி இருந்த டிவி பலகையாக மெலிந்ததையும், அந்தப் பலகை சுவரை அடைக்கும் அளவுக்கு வளர்ந்ததையும், எதிரே இருந்த கேமரா அலமாரி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் செல்போன் உறை தொங்கும் கம்பியானதையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்தவள். நடுவில் சில வருஷம் த்ரீடி டிவி வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் திரையில் இருக்கும் மீன் மூக்குக்கு நேரே நீந்தும். வந்தவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவது அக்காவின் பொறுப்பு. கடையில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வாங்கிப் போனவர்களோ பத்து நாளில் கண்ணாடியை டிராயரில் போட்டுவிட்டுப் பழையபடி செய்தி பார்த்தார்கள். தயாரிப்பே நின்றுபோனது. கடைசியாக ஒரு டெமோ டிவியும், இரண்டு லென்ஸ் வைத்த ஒரு கேமராவும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. அக்கா இரண்டையும் தள்ளுபடியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஊரே வேண்டாம்னு ஒதுக்கினதை நீ தேடி எடுத்துட்டு வர்றே," என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுநர். எதையும் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வழிவிட்டுவிடுவார்.

"ஊருக்குப் பிடிக்கலைன்னா எனக்கும் பிடிக்கக் கூடாதா?"

வழிவிட்டுவிட்டார்.

பூந்தொட்டி, பூனை, தூங்குகிற கணவர் என்று அக்கா எல்லாவற்றையும் படமெடுத்தாள். பக்கத்தில் இருப்பதெல்லாம் அழகாகப் புடைத்துத் தெரிந்தது. தூரத்து மேகம் மட்டும் தட்டையாகவே வந்தது. இரண்டு லென்ஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். மேகத்துக்கு அது எந்த மூலைக்கு? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேமராவை அசையாமல் வைத்து ஒரே லென்ஸில் ஒரு படம், மேகம் கொஞ்சம் நகர்ந்ததும் இன்னொரு படம். முதல் படத்தை இடது கண்ணுக்கும் அடுத்ததை வலது கண்ணுக்கும் கொடுத்தால், நகர்ந்த மேகம் மலையை விட்டுத் தனியாக மிதக்கும். இதற்காகவே இரண்டாம் மாடிப் பால்கனிக் கம்பியில் ஒரு இரும்புப் பிடியை முடுக்கி வைத்திருந்தாள். கணவர் அதில் துண்டு காயப் போட்டால் வீடே அதிரும்.

மழை தொடங்கிய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவசரத்தில் தேதி பார்க்காமல் கோடையில் எடுத்த படத்தையும் முந்தின நாள் எடுத்த படத்தையும் ஜோடி சேர்த்து டிவியில் போட்டுவிட்டாள். கண்ணாடியை மாட்டினாள். மேகங்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. மலை தட்டை. எதிர்க்கட்டிடத்தின் ஜன்னல்கள் தட்டை. தண்ணீர்க் குழாய் தட்டை. ஆனால் படத்தின் அடியில், குடியிருப்புக்குப் பின்னால் மலை மண்ணைத் தாங்கி நிற்கும் பெரிய தடுப்புச் சுவரின் நடுப்பகுதி மட்டும், சாப்பிட்டு முடித்தவனின் தொப்பை மாதிரி திரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். தொப்பை அங்கேயேதான் இருந்தது.

நகர்ந்தது மட்டும்தான் புடைக்கும். சுவர் எங்கே நகரும்? பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். போன வருஷம் பூசிப் பச்சை வண்ணம் அடித்த சுவர், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. அதற்கு மூன்றே எட்டில், தரைத்தளத்துப் பின்னறையில், தையல்காரப் பெண்ணின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலும் இருந்தது.

தன் கண்ணையே நம்பாமல் அக்கா இன்னும் இரண்டு வாரம் படமெடுத்தாள். காலை ஏழு மணி, மூடாக்கு இருக்கும் நாளாகப் பார்த்து, நிழல் குழப்பாதபடி. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தொப்பை கொஞ்சம் பெருத்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. சுவருக்குப் பூச்சு வைத்தது அவர் காலத்துச் சாதனை. அக்கா போய்ச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, டிவில பேய் தெரிஞ்சாலும் என்கிட்டதான் வருவியா?"

"பேய் இல்ல சார், சுவர். வந்து ஒரு தடவை பாருங்க."

நாலு தடவை கேட்டபின், தொல்லை தாங்காமல் மனைவியோடும் கமிட்டி ஆட்கள் மூவரோடும் வந்தார். ஆளுக்கொரு கண்ணாடி. செயலாளர் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, முத்திரை சரியா என்று பார்ப்பவர் போலத் திரையை உற்றுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. வழக்கம்போலத்தான் இருக்கு."

"ஐயோ!" என்று சோபாவில் பின்னால் சாய்ந்தார் அவர் மனைவி. "மடியிலே வந்து விழுற மாதிரி இருக்கு, உங்களுக்குத் தெரியலையா?"

மற்ற மூவரும் நெளிந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்தது. ஆனால் செயலாளருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிவதாகச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அக்கா அவர் அருகே குனிந்து, "சார், இது ரெண்டு கண்ணும் சேர்ந்தாத்தான் தெரியும். ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. இப்ப அந்தக் கண்ணை," என்றாள். இடது கண்ணை மூடியபோது அவர் முகம் மாறியது. வலது கண்ணில் வெறும் புகைமூட்டம். அதை இத்தனை நாள் அவரே கவனிக்கவில்லை.

"கண்ணைப் பத்திப் பேச வரலை நான்," என்று எழுந்து போய்விட்டார்.

கதவு சாத்தியதும் கணவர் கேட்டார்: "இப்ப என்ன பண்ணப்போறே?"

"நகராட்சிக்குப் போறேன்."

"அங்க ஒரு தடவை போனா முடியாதே."

"முடியிற வரைக்கும் போறேன்."

ஆறு தடவை போனாள். முதல் தடவை மனு வாங்கினார்கள். இரண்டாம் தடவை மனு எங்கே என்று அவளையே கேட்டார்கள். நகலை நீட்டினாள். மூன்றாவது தடவை ஒரு குமாஸ்தா, "டிவி படத்தை வெச்செல்லாம் சுவரை இடிக்க முடியாதும்மா," என்றார். "இடிக்கச் சொல்லலை, அளக்கச் சொல்றேன்," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடையில் விடுப்பு தீர்ந்தபின் மதிய இடைவேளையில் போனாள். இதற்கிடையே தையல்காரப் பெண்ணிடம் பேசி, தொட்டிலையும் மெஷினையும் முன்னறைக்கு மாற்றவைத்தாள்.

"அக்கா, முன்னறையில வெளிச்சமே பத்தலை. ஊசியில நூலே கோக்க முடியலை."

"என் வீட்டு மேஜை விளக்கை எடுத்துக்கோ. சுவர் என்னன்னு தெரியிற வரைக்கும் பின்னால போகாதே."

ஆறாம் தடவை உதவிப் பொறியாளரே எதிர்ப்பட்டார். முப்பது வயதுப் பெண். மனுவை நின்றபடியே படித்தவர், "ரெண்டு தேதிப் படத்தை ஜோடி சேர்த்தீங்களா?" என்று நிமிர்ந்தார். "காலேஜ்ல விமானத்திலிருந்து எடுத்த படங்களை இப்படித்தான் பார்ப்போம். ரெண்டு லென்ஸ் வெச்ச கருவி ஒண்ணு இருக்கும். வீட்டு டிவியில யாரும் பண்ணிப் பார்த்ததில்லை."

மறுநாளே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு அக்கா எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"அசைஞ்சது சுவர்தான், கேமரா இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கேமரா அசைஞ்சிருந்தா எதிர்க்கட்டிடமும் குழாயும் சேர்ந்து அசைஞ்சிருக்கும் மேடம். அதெல்லாம் அப்படியே இருக்கு பாருங்க. இது ஒண்ணுதான் வெளியே வருது."

பொறியாளர் மூன்று கால் வைத்த கருவியைக் கொண்டுவந்து சுவரின் இரு முனைகளையும் நடுவையும் அளந்தார். முனைகளுக்கும் நடுவுக்கும் இருக்கக் கூடாத அளவு வித்தியாசம். பிறகு சுவரின் கீழ்ப்பகுதியைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"தண்ணி வடியிற ஓட்டையெல்லாம் எங்கே?"

செயலாளர் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். "வண்ணத்துல கறை இறங்குச்சு. கொசு வேற," என்றார் மெல்ல. "பூச்சுக்காரன்கிட்டச் சொல்லி அடைச்சிட்டேன்."

அன்று பிற்பகலே தரைத்தளத்துப் பின் வீடுகளை எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். முட்டுக் கொடுத்தபின் ஒரு கூலியாள் துளைக்கும் கருவியோடு ஓரமாக நின்று பழைய ஓட்டையைத் திறந்தார். உள்ளிருந்து செம்மண் தண்ணீர் பீறிட்டு மூன்று எட்டுத் தாண்டி, தையல்காரப் பெண்ணின் பின்னறை ஜன்னலில் போய் அடித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையாகத் திறக்கத் திறக்க, தண்ணீர் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. மழைக்காலம் முழுவதும் மண்ணுக்குள் தேங்கி, சுவரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர்.

நடுப்பகுதியை மேலிருந்து கல் கல்லாகப் பிரித்து, பின்னால் சரளை கொட்டி, புதிதாகக் கட்டினார்கள். நாலு மாதம் ஆனது. அதற்குள் செயலாளருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்தது. சங்கக் கூட்டத்தில் அவராகவே எழுந்து, "பதவியை வேற யாராவது எடுத்துக்குங்க. தப்பு என்னோடது," என்றார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பதவி வேணாம்," என்றாள் அக்கா. "சாரே இருக்கட்டும். ஆனா அந்த ஓட்டைகளை இனி யாரும் அடைக்கக் கூடாதுன்னு விதியில எழுதணும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை குச்சி விட்டுச் சுத்தம் பண்ணணும். அதையும் எழுதணும். இப்பவே."

"அடுத்த கூட்டத்துல…" என்று ஒருவர் இழுத்தார்.

"இப்பவே," என்றாள் அக்கா. பேனாவை எடுத்துச் செயலாளர் முன் வைத்துவிட்டு, அவர் கடைசி வரியை எழுதி, முப்பத்தாறு வீட்டாரும் கையெழுத்துப் போடும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.