மருதமுனைப் பூங்காவில் இறங்காத சத்தம்

சுனாமி வந்த காலையில் மருதமுனைக் கடற்கரைப் பூங்காவில் உடற்பயிற்சிக் குழு போட்ட சத்தம் இன்னும் கீழே இறங்கவில்லை. தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அது நிற்கிறது. காகங்கள் அதைச் சுற்றித்தான் பறக்கும். பாங்கு சொல்லும்போது தணியும், முடிந்ததும் பழையபடி எழும். அதனால் பூங்காவை அண்டிய காணிகள் விலைபோவதில்லை. வாங்க வருபவர்கள் வளவையும் கிணற்றையும் பார்த்துத் தலையாட்டுவார்கள். மேலே அண்ணாந்து பார்த்தவுடன் வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

குழுவைத் தொடங்கியவர் ஜவுபர் மாஸ்டர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஊரில் பாதி ஆண்களுக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம், மீதிப் பாதிக்குத் தொந்தி. அதிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு வருபவர்களை வரிசையில் நிறுத்திக் கையையும் காலையும் ஆட்ட வைப்பார். கடைசியில் எல்லோரும் கடலைப் பார்த்துக் கைகளை உயர்த்தி, நெஞ்சில் கிடப்பதெல்லாம் வெளியே போகும்படி ‘ஆ...’ என்று கத்த வேண்டும். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட, பூங்காவுக்கு அடுத்த வீட்டு நதீரா, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, அகப்பையும் கையுமாக, தலையில் முக்காடுகூட இல்லாமல் ஓடி வந்தாள். ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வரிசையில் நின்ற அவள் கணவன் மசூருக்கு முகம் சுண்டிப்போனது. அவன் ஹாட்வெயார் கடைக்காரன், நாலு பேர் முன்னால் கௌரவம் பார்ப்பவன். வீட்டுக்குப் போனதும், “இனிமே என்ன சத்தம் கேட்டாலும் நீ வெளிய வரப்படாது, வெளங்குதா?” என்றான். “ஓம், வரல்ல” என்றாள் நதீரா.

கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்கும் அவசரம் இல்லாததால் குழு வெயில் ஏறிய பிறகுதான் கூடியது. கைகளை உயர்த்திக் கடலைப் பார்த்தபோது, கடலும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ‘ஓடுங்க’ என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பழகிய வாய் பழகியதையே கத்தியது. ‘ஆ...’ என்று கத்திக்கொண்டே ஓடியவர்களைத் தண்ணீர் தூக்கி உயிரோடு பள்ளிவாசல் படியில் போட்டது. பக்கத்து வளவு சல்மா உம்மா வேலிக்கு மேலால், “என்ன சத்தம் புள்ள இது?” என்று கேட்டிருக்கிறார். “நம்மட ஆக்கள்ற எக்ஸசைஸ்தான் மாமி” என்று சொல்லிவிட்டு நதீரா உள்ளே போனாளாம். சல்மா உம்மா மனம் கேட்காமல் பின்பக்கத்தால் ஓடித் தப்பினார். நதீராவின் உடலை மாலையில்தான் கண்டெடுத்தார்கள்.

சத்தம் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. படையினர் வந்து ஒலிபெருக்கி தேடினார்கள். வள்ளம் இல்லாதவர்களுக்கெல்லாம் வள்ளம் கொடுத்த தொண்டு நிறுவனம் ஒன்று, காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தது. ஊர் தன் பங்குக்கு, ஜவுபர் மாஸ்டரின் கூத்தால்தான் அந்தப் பிள்ளை மௌத்தானாள் என்று முடிவு செய்தது. மாஸ்டர் மறுக்கவில்லை. அதன் பிறகு அவர் குரலை உயர்த்தவே இல்லை. பஸ்ஸில் நிறுத்தச் சொல்லிக் கேட்க மாட்டாமல் கல்முனை வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறார். வருடா வருடம் நதீராவின் நினைவுநாளில் மசூர் ஓதும் கத்தத்துக்குப் போய், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். மசூர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “உள்ள வாங்க காக்கா” என்று அண்ணனை அழைப்பதுபோல் அழைப்பான். சொல்ல வேண்டிய மற்றது நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகும். குற்றம் அவன் நெஞ்சைத் தின்றது உண்மை. வேறொருவர் அதைச் சுமப்பது வசதியாக இருந்ததும் உண்மை.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்ததென்று வெடி கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் அன்றைக்கே இறங்கிவிட்டது. சோதனைச் சாவடியைக் கழற்றினார்கள், பூங்காவுக்குப் பெயின்ட் அடித்தார்கள், குழு மறுபடியும் கூடியது. இப்போது கைகால் மட்டும்தான், வாய் இல்லை. மாஸ்டர் வரிசையில் சேராமல் சீமெந்து வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். டொக்டர் சீனியைக் காட்டிப் பயமுறுத்தியதில் மசூரும் ஒருநாள் வந்தான். அவனைக் கண்டதும் மாஸ்டர் எழுந்து வந்து கையைப் பிடித்து, “எனக்கு மாப்பு செய்யுங்க தம்பி” என்றார்.

மசூர் சொன்னான். மேலே நின்ற சத்தம் அதை விழுங்கிவிட்டது. மாஸ்டர் காதைக் கையால் குவித்தார். மறுபடி சொன்னான், அதுவும் போனது.

“கேக்குதில்ல தம்பி, சத்தமாச் சொல்லுங்க.”

“நான்தான் காக்கா சொன்ன! என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வரப்படாதெண்டு அவளுக்கு நான்தான் சொன்ன!”

வரிசையில் உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. மாஸ்டர் பிடித்த கையை விட்டார். வாங்குக்குப் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோபமா ஆறுதலா என்று அவருக்கே தெரியவில்லை. மசூர் தன் குரல் அடங்கட்டும் என்று காத்து நின்றான். அது அடங்கவில்லை. பழைய சத்தத்துக்குக் கொஞ்சம் கீழே, சொல்லுக்குச் சொல் தெளிவாக, அங்கேயே நின்றுவிட்டது.

ஊர் முழுக்க அண்ணாந்து கேட்டது, பிறகு பழகிக்கொண்டது. இப்போதெல்லாம் மாஸ்டர் முன்னால் நின்று பயிற்சி கொடுக்கிறார், மசூர் வரிசையில் நிற்கிறான், மற்றவர்கள் மீன் விலையைப் பற்றிக் கதைக்கிறார்கள். ஒலுவிலிலிருந்தோ இறக்காமத்திலிருந்தோ புதிதாக வருபவர்கள் மேலே பார்த்து, “இது ஆர்ர சத்தம்?” என்று கேட்பார்கள். “என்ட” என்று சொல்லிவிட்டு மசூர் கைகளை உயர்த்துவான்.