அண்ணன் ஏற்றாத சனம்

அன்னக்கொடிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், வெள்ளைத்துரை. உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் சொந்தமாக மோட்டார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த முப்பதுகளில் கருமாத்தூர்ப் பக்கம் பஸ் முதலாளி என்றால் சும்மாவா? தங்கையைக் கட்டிய முத்திருளனையே அந்த பஸ்ஸுக்கு டிரைவராகவும் வைத்துக்கொண்டார். வீட்டு ஆள் கையில் வண்டி இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்த நினைப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. மதுரை ஸ்டாண்டில் ஒருநாள், கியரை உடைத்துவிட்டான் என்ற கோபத்தில், நாலு பேர் பார்க்க முத்திருளனைக் கை நீட்டி அடித்துவிட்டார். முத்திருளன் வண்டியை அப்படியே விட்டுவிட்டான். அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். தன் பங்கு நிலத்தை விற்றான். அன்னக்கொடியின் நகையைக் கழற்றச் சொன்னான். ஒரு பழைய பஸ்ஸை வாங்கி அதே ரோட்டில், அதே நேரத்தில், மச்சான் பஸ்ஸுக்கு முன்னால் ஓட்டினான்.

பிறகு நடந்த கூத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. இவன் கட்டணத்தைக் குறைத்தால் அவர் அதற்கும் கீழே குறைத்தார். அவர் ஏறுகிறவர்களுக்கு வெத்தலை பாக்கு கொடுத்தால் இவன் கலர் சோடா கொடுத்தான். செக்கானூரணி முக்கில் ஒருத்தன் கையைத் தூக்கினால் போதும், இரண்டு பஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு புழுதி கிளப்பி வந்து நிற்கும். சனங்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு வீட்டிலும் உலை கொதிப்பதே பாடாகிவிட்டது.

அன்னக்கொடி படிக்காதவள். ஆனால் ஒரு காரியத்தை எடுத்தால் அதன் அடிவரைக்கும் யோசித்துப் பார்க்கிற ஆள். அண்ணன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார் என்று பார்த்தாள். கோர்ட்டு வழக்குக்குப் போகிறவர்கள், வாத்தியார்கள், வேட்டி கசங்காமல் போய் இறங்க நினைக்கிறவர்கள். அவர்களுக்கு அண்ணன்மேல் ஒரு மதிப்பு இருந்தது. சோடா கொடுத்தால் இரண்டு நாள் இந்தப் பக்கம் வருவார்கள், மூன்றாம் நாள் அங்கே போய்விடுவார்கள்.

அவள் தோட்டம் ரோட்டை ஒட்டியிருந்தது. விடிகிற நேரத்தில் கத்தரிக்காய்க் கூடையும் பூக்கூடையுமாகப் பெண்கள் மதுரை மார்க்கெட்டுக்கு வரிசையாக நடந்து போவார்கள். ஒருநாள் இருளாயியை நிறுத்திக் கேட்டாள்.

"ஏக்கா, பஸ்ஸுல போனா என்ன? இம்புட்டுத் தூரம் சுமக்கணுமா?"

"உங்கண்ணன் கூடையக் கண்டாலே நிறுத்த மாட்டாரு. ஒன் புருசனும் அதே மாதிரிதான். சீட்டு அழுக்காயிருமாம்" என்று சொல்லிவிட்டு, தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டு போனாள் இருளாயி.

அன்று சாப்பாடு போடும்போது புருசனிடம் பேச்செடுத்தாள்.

"இந்தாங்க, எங்கண்ணன் ஏத்துற சனத்த இழுக்கப் பாத்து நாம அழியுறோம். அவுகளும் அழியுறாக. அந்தச் சனத்த அவுகளுக்கே விட்ருங்க."

"விட்டுட்டு? ஈ ஓட்டவா?"

"அவுக ஏத்தாத சனம் எம்புட்டு நடக்குது பாருங்க. பின்னாடி பெஞ்ச ரெண்டையும் பிடுங்கிருங்க. கூடைக்கு எடம் வேணும். விடிய மார்க்கெட்டுக்குப் போயி, கூடைக்காரிக வித்து முடிச்சதும் திரும்பி வரணும். கோர்ட்டு நேரத்துக்கு நம்ம வண்டி ரோட்டுலயே இருக்கக்கூடாது. ரெண்டு பக்கமும் பழைய கட்டணத்துக்கே போயிரலாம்."

முத்திருளன் சோற்றைப் பிசைந்தான். "பெஞ்சப் பிடுங்கச் சொல்றா பாரு" என்று சிரித்தான். ஆனால் பிடுங்கினான்.

மூன்றே மாதத்தில் பஸ் நிறைந்தது. கூடைக்காரப் பெண்கள் அதை 'நம்ம வண்டி' என்றார்கள். எவன் இலவசமாகக் கூப்பிட்டாலும் வேறு வண்டியில் ஏற மாட்டார்கள். அண்ணன் பஸ்ஸும் பழையபடி நிறைந்து போனது. ஒரு பொங்கலுக்கு வெள்ளைத்துரை ரோட்டில் வண்டியை நிறுத்தி, "நல்லாருக்கியா தாயி?" என்று கேட்டார். அன்னக்கொடி வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சந்தோசத்தில் அழுதாள். இரண்டு வண்டிக்கும் இடம் இருக்கிற ரோடுதான் அது. அதைக் கண்டுபிடித்தவள் தான் என்கிற பெருமையும் அவளுக்கு இருந்தது.

முத்திருளனுக்கோ கன்னத்தில் விழுந்த அடி ஆறவில்லை. கூடை வண்டியில் வந்த வருமானத்தைச் சேர்த்து இரண்டாவது பஸ் வாங்கினான். புது வண்டி, பச்சை பெயின்ட். மாலை போட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இது எந்த ரோட்டுக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள் அன்னக்கொடி.

"ஒங்கண்ணன் ரோட்டுக்குத்தான். கோர்ட்டு நேரம். பாதிக் கட்டணம்."

"நட்டம் வருமே."

"வரட்டும். கூடை வண்டி தாங்கும். அவருக்கு எந்த வண்டி தாங்கும்?"

"இதுக்கா நான் யோசன சொன்னேன்?"

"யோசன நல்ல யோசனதான் புள்ள" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மதினி சின்னத்தாய் வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வெள்ளைத்துரை பனியனோடு வெளியே வந்தார்.

"அண்ணே, அவரு கட்டணத்தக் குறைக்கப் போறாரு. நீ குறைக்காத. எதுத்து நின்னா ஒன்னால தாங்க முடியாது. திருமங்கலம் ரோட்டுல வண்டியே பத்தல. அங்க மாத்திக்க. இப்ப மாத்துனா பொழச்சுக்கிருவ."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

"கூடைக்காரிகள ஏத்தச் சொன்னது யாரு? முத்திருளனுக்கு அம்புட்டு மூளை கிடையாது."

அன்னக்கொடி தலை குனிந்தாள். "நாந்தாண்ணே. நம்ம ரெண்டு குடும்பமும் பொழைக்கணும்னுதான்..."

"இப்ப ரோட்டக் காலி பண்ணச் சொல்றதும் நீதான். நான் போயிட்டா ஒங்களுக்குச் சண்டையே இல்லாம ரோடு கிடைச்சுரும். நல்லா யோசிச்சுத்தான் ஒன்னைய அனுப்பியிருக்கான்."

"சத்தியமா இல்லண்ணே. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

"போ ஆத்தா" என்றார். கோபம்கூட இல்லாத குரல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், வேறு எப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். எப்படிச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். எதிராளியின் பெண்டாட்டி சொன்னால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

அவர் ரோட்டை விடவில்லை. கட்டணத்தைக் குறைத்தார். தேய்ந்த டயரை மாற்றவில்லை. வேலையாட்களை நிறுத்திவிட்டுத் தானே ஓட்டினார், மகனை டிக்கெட் கிழிக்க வைத்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் பஸ்ஸைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மதுரையில் யாருடைய லாரிக்கோ டிரைவராகச் சேர்ந்தார். பச்சை பஸ் மறுவாரமே முழுக் கட்டணத்துக்குப் போய்விட்டது.

அடுத்த வருசம் அன்னக்கொடியின் மகளுக்குக் காது குத்து. கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டு, ஊருக்கே சாப்பாடு. தாய்மாமன் மடியில்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? வெத்தலை பாக்கோடு போய் அழைத்தாள். வெள்ளைத்துரை தட்டை வாங்கி உள்ளே வைத்தார்.

வருவார் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் வந்தார். சலவை வேட்டி, தலையில் உருமா. சீர்த்தட்டில் பட்டுப்பாவாடையும் தங்கக் கம்மலும் இருந்தன. லாரி டிரைவர் சம்பளத்தில் எப்படி வாங்கினாரோ. சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டது. "அம்புட்டுத்தான்டா, முடிஞ்சுருச்சு, மாமன் இருக்கேன்ல" என்று அதன் கண்ணைத் துடைத்தார். அந்தக் குரலைக் கேட்டு அன்னக்கொடிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் முதல் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கறிக்குழம்பு வாளியோடு நின்றாள்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அண்ணே, சாப்பிட வா."

"முறைக்கு வந்தேன். முறை முடிஞ்சுருச்சு."

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போண்ணே."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் தலையை ஒருமுறை தடவினார். கோயில் மேட்டிலிருந்து இறங்கி, விருந்தாளிகளை ஏற்றி வர முத்திருளன் நிறுத்தியிருந்த இரண்டு பஸ்களையும் தாண்டி, வெயிலில் மதுரை ரோட்டைப் பார்த்து நடந்தார். அவரிடம் முன்பு வேலை பார்த்த காளைதான் இப்போது பச்சை பஸ்ஸின் டிரைவர். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், "முதலாளி, ஏறுங்க, கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்று கெஞ்சியிருக்கிறான். அவர் கையைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பந்தியில் யாரோ குழம்பு கேட்டார்கள். அன்னக்கொடி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.