சித்தேரி மலைக் கிழங்கு

"எந்த மலைன்னு சொன்னா வாயி வெந்து போயிருமா பாய்?"

"மலைன்னா மலைதாம்மா. சித்தேரிக்கு மேல."

"மேலன்னா? மேல வானந்தான் இருக்குது."

தீர்த்தம்மாளின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. நான்காவது வீட்டு லூர்துமேரி வாசல் கூட்டுகிற சாக்கில் வெளியே வந்தாள். காலையிலேயே ஒருமுறை கூட்டிய வாசல்தான். சர்தார் கூடையைத் தலையில் ஏற்றி மொரப்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். தீர்த்தம்மாள் கூடையின் விளிம்பை விடுவதாக இல்லை. அவள் புருசன் தர்மன், சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் போல, வேப்பமரத்தில் என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தான்.

உள்ளே சர்தாரின் மனைவி ரஹமத் பீவி வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடையில் இருந்தது மத்தளம் போலத் திரண்ட, செம்மண் நிறத்துக் கிழங்கு. ரயில் நிற்கிற நாலு நிமிடத்தில் சர்தார் அதைக் காகிதம் போலச் சீவிச் சீவி ஜன்னலுக்குள் நீட்டுவார். "பூமிச் சர்க்கரைக் கிழங்குங்க, ஏழு வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது" என்பார். சேலம் போகிறவர்களும் ஜோலார்பேட்டை போகிறவர்களும் அந்தக் குளிர்ந்த தித்திப்பை மென்றுகொண்டே போவார்கள்.

அது எழுபத்து மூன்றாம் வருடம். இரண்டு வருடமாக மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தர்மனின் கேழ்வரகுக் காடு காய்ந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒருவேளைக் களிதான். மலையில் அப்படியொரு கிழங்கு கிடைக்கிறது என்றால் தோண்டி வந்து தின்னவும் ஆகும், விற்கவும் ஆகும் என்பது தீர்த்தம்மாளின் வழக்கு. கத்தினாளே தவிர, நியாயமான வழக்குதான்.

"சுனையைத் தாண்டி வடக்குச் சரிவு. பாறைக்கு அடியில கொடி தெரியும். போதுமா?" என்று சர்தார் கூடையை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

அப்படியொரு கொடியே கிடையாது. அது மலைக் கிழங்கும் இல்லை, கிழங்கே இல்லை. ஆடு மாடு நுழையாமல் காட்டைச் சுற்றி முள்ளும் மடலுமாக நிற்கிறதே, அந்த ஆனைக்கற்றாழை. பூத்தண்டு விடப்போகிற பருவம் பார்த்து, மடல்களைக் கழித்து, அடித்தூரைப் பெயர்த்து, தீயில் வாட்டிச் செம்மண் பூசினால் மலைக் கிழங்கு. கனமாகச் சீவினால் தொண்டை அரித்துப் புண்ணாகும். மெல்லிசாகச் சீவினால் இனிக்கும். அந்தக் கைப்பக்குவம்தான் சர்தாரின் மொத்தச் சொத்து.

இதில் கூத்து என்னவென்றால், பாதித் தூர்கள் தர்மனின் வேலியிலிருந்தே வந்தவை. நார் உரிக்க வேண்டும் என்று சர்தார் கேட்டபோது, "கத்தாழதானே, எடுத்துக்குங்க பாய்" என்று தர்மனே கடப்பாரை போட்டு நெம்பிக் கொடுத்திருந்தான்.

சாயங்காலம் ரஹமத் பீவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவங்களுக்குச் சொல்லிருங்களேன்."

"சொல்லிட்டு? வேலியில சும்மா நிக்கறதை எவன் வாங்கித் தின்பான்? அரூர்க்காரங்க காதுக்குப் போனா ஷகிலா நிக்காஹ் என்னாவும்?"

அரூர் சம்பந்தி வீட்டில் சர்தாரை மலைச்சரக்கு வியாபாரி என்று சொல்லி வைத்திருந்தார்கள். மகள் ஷகிலாவைப் பெண் பார்க்க வந்தபோது தட்டில் வைத்ததும் இந்தக் கிழங்கைத்தான். மாப்பிள்ளையின் தாயார் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள்.

"ரெண்டு நாள் அலைஞ்சுட்டுத் தானா வந்துருவான். மலை என்ன அவனைக் கடிச்சா தின்னுரும்?" என்றார் சர்தார்.

மலைக்குப் போன தர்மன் வந்தான்தான். வெறுங்கையோடு, கால் முழுக்க முள்ளோடு. மலையேறி முள் அறுவடை செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று தெருவே சிரித்தது. தீர்த்தம்மாள் மறுபடியும் வந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் மேல" என்றார் சர்தார். இந்த முறை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் காலை ரஹமத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

"வா பீவி. அவரு மொத பஸ்ஸுக்கே போயிட்டாரு. இந்தவாட்டி கெடைச்சுரும்னாரு. வந்தா மொத துண்டு உங்க வூட்டுக்குத்தான்."

அரூரில் பஸ் மாற வேண்டும். அங்கே ஒரு மணி நேரமாவது காத்துக் கிடப்பான். அடுத்த பஸ்ஸில் ஆள் அனுப்பினால் பிடித்துவிடலாம். ரஹமத் பீவிக்கு அதுவும் தெரியும்.

"சும்மாதான்க்கா. ஒரு கை உப்பு இருந்தா..." என்றாள்.

அவள் வீட்டு ஜாடியில் உப்பு நிறைய இருந்தது. வாங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

மூன்றாம் நாள் மலைக்காரர்கள் நாலு பேர் தர்மனின் உடலைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பாறையில் வழுக்கி விழுந்திருந்தான். கடப்பாரையையும் மறக்காமல் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

கிழங்கைக் காக்கிற சாமி தள்ளிவிட்டது என்று லூர்துமேரி பார்த்தது போலவே சொன்னாள். சர்தார் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து படுத்தவர், ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், ரஹமத் பீவி புருசனைக் கேட்காமல் ஒரு கற்றாழைத் தூரை எடுத்துப் போனாள். மண் பூசாத தூர். மடல் வெட்டிய தழும்புகள் அப்படியே தெரிந்தன. தீர்த்தம்மாள் முன்னால் வைத்து, மெல்லிசாக ஒரு துண்டு சீவி அவள் கையில் கொடுத்தாள். தீர்த்தம்மாள் மென்றாள். மென்றுகொண்டே தூரைப் பார்த்தாள்.

"இது எங்க வேலிதானே?"

"ஆமாங்க்கா."

"உப்பு வாங்க வந்தியே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

தெருவையே எழுப்புகிற குரல் அன்று எழவே இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ள வந்தவளுக்குத் திட்டாததுதான் கனமாக இருந்தது. தீர்த்தம்மாள் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத் தூரை அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னொருக்கா சீவு. எத்தனை மெல்லிசுன்னு பார்த்துக்கறேன்."

அடுத்த மாதம் மொரப்பூர் பிளாட்பாரத்தில் கூடையோடு தீர்த்தம்மாள் நின்றாள். அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. பக்கத்தில் கடலை விற்றவர்கள் அவளுக்காகச் சொன்னார்கள், புருசன் உசுரைக் கொடுத்த மலைக் கிழங்கு என்று. சர்தாருக்கு விற்றதைவிட நன்றாகவே விற்றது.

ஷகிலாவின் நிக்காஹ் அரூரில் குறித்த தேதியில் நடந்தது. அதன்பின் சர்தார் வீட்டைக் காலி செய்துகொண்டு கம்பைநல்லூருக்குப் போய் ஒரு மண்டியில் மூட்டை தைத்தார். தீர்த்தம்மாள் தன் மகள் கண்ணம்மாளை எழுபத்தெட்டில் ஜோலார்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தாள். மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். கண்ணம்மாள் கல்யாணத்துக்கு ரஹமத் பீவி வந்திருந்தாளாம். பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமல், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாளாம்.