மூன்றாவது விளைவுக்கு எத்தனை?

பாடத்திட்டத்திலிருந்து என் பாடத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று துறைத் தலைவர் கோவிந்தராசு சார் சொன்னபோது முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டார். அந்த முகத்தை அவர் எல்லாருக்கும் காட்டுவார். எனக்கு அது பழகிப்போனது.

“நான் எடுக்கல செம்மொழி. கமிட்டி எடுக்குது. பாடத்தால பிள்ளைங்களுக்கு என்ன வந்துச்சுன்னு காட்டணுமாம். படிச்சு முடிச்சவங்க இருபது பேருக்கு போன் பண்ணுங்க. ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு கேளுங்க. சராசரி நாலுக்கு மேல வந்தா பாடம் இருக்கும். பேசறத ரெக்கார்டு பண்ணிக்குங்க, ஆதாரம் கேப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க.”

தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், தொடர்பியல் துறையில், பதினான்கு வருடமாக நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரோடு சரி. வருடா வருடம் உத்தரவு வந்தால்தான் வேலை. நான் நடத்துவது நேர்காணல் என்கிற ஒரே பாடம். அது போனால் அடுத்த மாதம் எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. கரந்தையில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் தனியாக இருப்பவள் நான். பகலில் நாலு பேர் ‘மேடம்’ என்று கூப்பிடுவதால்தான் நான் வாய் திறந்து பேசுவதே நடக்கிறது. அதுவும் இல்லையென்றால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

படித்து முடிக்கிறவர்களுக்கு என்னென்ன கைவர வேண்டும் என்று சொல்லும் அந்தப் பாடத்தின் நான்கு கற்றல் விளைவுகளையும் நானே எழுதியிருந்தேன். அவற்றில் மூன்று எல்லாக் கல்லூரியிலும் எழுதுகிற சம்பிரதாயம். வரிசையில் மூன்றாவதாக இருப்பது மட்டும் என் சொந்தச் சரக்கு: ‘மாணவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார், வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பார்.’ கமிட்டியில் இதைப் படித்தபோது ஒருவர் சிரித்தாராம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் மாதம், விடுமுறை. துறையில் நானும் மின்விசிறியும்தான். திங்கட்கிழமை காலையில் தொடங்கினேன்.

குத்தாலத்து இனியவன் நடவு மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினான். “எப்படி இருக்கீங்க மேடம்? வயல்ல நிக்கறேன். எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்குங்க!” சென்னையில் தொலைக்காட்சி ஒன்றில் வேலை பார்க்கும் பகலவன், “சாப்பிட்டீங்களா மேடம்? மீட்டிங் ஆரம்பிக்குது, அஞ்சே போட்டுடுங்க” என்றான். அப்போது மணி பதினொன்று. நான் காலையிலிருந்தே சாப்பிட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் இருபது பேர். எல்லாரும் நலம் விசாரித்தார்கள். ஒருவர்கூட நான் பதில் சொல்லும்வரை இருக்கவில்லை. ஆனால் மூன்றாவது விளைவுக்கு இருபது பேரும் தங்களுக்குத் தாங்களே ஐந்து போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பதினான்கு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேனே, என்னிடம் ஒரு கேள்வி கேட்டு நின்று கேட்க ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லையா? செவ்வாய் மாலை பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

புதன்கிழமை, யாரிடம் எத்தனை நிமிடம் பேசினேன் என்று அறிக்கையின் பின்னிணைப்புக்கு எழுத வேண்டியிருந்தது. பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். பதினான்காவது, ஷமீரா. கூத்தாநல்லூர்ப் பெண். மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் படித்தாள், பிறகு திருச்சியில் ஒரு வானொலியில் சேர்ந்தாள். அவளிடம் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

“நல்லாருக்கீங்களா மேடம்? குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நேரா கேள்விக்கு வந்துடறேன். இந்தப் பாடம் உன் வேலைக்கு எவ்வளவு உதவுது?”

“வேலையா... அத விட்டாச்சு மேடம். போன மாசத்துலேருந்து வீட்லதான் இருக்கேன். என்னமோ மாதிரி ஆயிடுச்சு.”

அவள் அங்கே நிறுத்தினாள். பதிவில் அந்த இடைவெளி தெளிவாகக் கேட்டது. அதன் மேல் ஏறி விழுந்தது என் குரல்.

“சரிம்மா, அப்ப வேலைல இருந்தப்ப எவ்வளவுன்னு சொல்லு. நாலு போடவா, அஞ்சு போடவா?”

“அஞ்சு போட்டுக்குங்க மேடம்.”

மறுபடி போட்டுக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று பேருந்தில் அழுதவள் நான்தான். கேட்டவளின் வாயை அடைத்ததும் நான்தான். உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“மேடம்! ஃபார்ம்ல ஏதாவது விட்டுப்போச்சா?”

“இல்லம்மா. வேலைய விட்டுட்டேன்னு சொன்னியே. என்ன ஆச்சு?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ அவளை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

“அன்னைக்கு சொல்லணும்னுதான் இருந்துச்சு மேடம். போன்ல உங்க பேரைப் பார்த்ததும் நம்மள விசாரிக்கத்தான் கூப்புடுறாங்கன்னு நினைச்சேன். வீட்லயும் அப்ப யாரும் இல்ல.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்களே பயந்துபோய் இருந்தீங்க மேடம். ஒவ்வொரு மார்க்கா கேக்கறப்பவே தெரிஞ்சுது. பாடத்தை எடுக்கப் போறாங்களோன்னு தோணுச்சு. உங்க கஷ்டத்துல நம்ம கஷ்டம் வேறயான்னு விட்டுட்டேன். பாடம் தப்பிச்சிடுமா மேடம்?”

“தப்பிச்சிடும். எல்லாரும் அஞ்சு குடுத்துட்டாங்க.”

“தப்பிச்சிடும்னு சொல்றீங்க, சந்தோஷமா சொல்லலியே. ஏன் மேடம்?”

உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் பதில் கொடுக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தாள்.

காத்திருக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குத் தெரியும். என் பதிலுக்காக ஒருத்தி காத்திருந்தால் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. வேலை கிடக்கு, வைக்கறேன்” என்றேன். வைத்தும்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். சராசரி ஐந்துக்கு ஐந்து. கோவிந்தராசு சார் கைகுலுக்கினார். ஷமீராவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.