ராகு காலத்தில் ஓர் ஏலம்

வெள்ளிக்கிழமை காலை, பத்தரை ஆகச் சற்று முன்னர், கைப்பேசித் திரையில் நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அடையாளம் விழுந்தது. ஷிஹாரா வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றான் அவள் கணவன் நபீஸ். ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்தும் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான்.

"ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டு. துஷா."

"பேரே இல்லையே. நம்பர் மட்டுந்தானே ஈக்கி."

"எனக்கு நம்பர் போதும்."

மூடப்பட்ட ஓர் ஓட்டலின் சாமான்களை ஒரு கம்பெனி இணையத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. மேசைகள், கதிரைகள், குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டு தட்டு வைத்த, கேக் வேகவைக்கும் பெரிய அவணும் இருந்தது. ஷிஹாராவுக்கு அது வேண்டும். கொட்டாஞ்சேனையில் சின்ன இடமொன்றை வாடகைக்குப் பேசி முற்பணமும் கட்டியாயிற்று. வெள்ளவத்தை வீட்டில் இருக்கும் அவணில் ஒரு நேரத்தில் இரண்டு கேக்குக்கு மேல் வேகாது. இந்த அவண் கிடைக்காவிட்டால் கொட்டாஞ்சேனை இடம் வெறும் நான்கு சுவர்தான். அவளிடம் இருந்தது மூன்றரை இலட்சம். அதற்கு மேல் என்றால் சில்லறைதான்.

ஏலத்துக்கு வருகிறவர்களை அவள் ஒரு வாரமாகக் கவனித்திருந்தாள். முகம் தெரியாதவர்கள் தொகையில் முகம் காட்டிவிடுகிறார்கள். பயந்தவன்தான் பெரிதாகத் தாண்டுவான். பொழுதுபோக்குக்கு வந்தவன் முதல் நாளே கேட்டுவிட்டுக் காணாமல் போவான். ஒன்பதாம் எண் வியாபாரி. வாங்கி விற்கிறவன். ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏறுவான்.

நான்காம் எண் கேட்ட தொகையெல்லாம் ஒன்று என்ற இலக்கத்தில் முடிந்தது. கலியாண வீட்டுக் காசு உறைக்குள் ஆயிரத்தோடு ஒரு ரூபாயைக் கூட வைக்கிற கை அது. அது மட்டுமென்றால் கொழும்பில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் இன்று ஏலம் முடிகிற நேரம் பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்குச் சற்று முன்னர்தான் நான்காம் எண் தன் உச்சத் தொகையை எழுதி வைத்துவிட்டு விலகியிருந்தது. பச்சை அடையாளத்தின் பொருள் அதுதான். இனி யார் எவ்வளவு ஏற்றினாலும், எழுதிய தொகை வரைக்கும் தளமே அதற்காகப் பதில் சொல்லும்.

துஷாந்தினியும் அவளும் ஐந்து வருடம் சேர்ந்து கேக் செய்து, பிறகு பிரிந்தவர்கள். செய்தது ஷிஹாரா. ஓடர் எடுத்தது, விலை பேசியது, ஆட்களோடு சிரித்துக் கதைத்தது எல்லாம் துஷா. மா குழைத்துத் தயாராக இருக்கும். துஷா மணிக்கூட்டைப் பார்ப்பாள். "ராகு காலம் கழியட்டும், ஷிஹா. பிறகு அவணப் போடுவம்." ஷிஹாரா மாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

பதினொன்றுக்கு ஏலம் முடியவில்லை. கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் மூன்று நிமிடம் நீளும் என்பது சட்டம். ஒன்பதாம் எண் ஒவ்வொரு தரமும் கடைசி நொடியில் ஆயிரத்தை ஏற்றினான். துஷாவின் பச்சை அடையாளம் உடனே அவனைத் தாண்டியது. ஷிஹாரா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"நீங்க கேக்கல்லையா?" என்றான் நபீஸ், தொப்பியைத் தேடியபடி.

"அவன் ஏறட்டும். நான் இப்ப கேட்டா மூணு பேரெண்டு தெரிஞ்சிரும்."

"எனக்கெண்டா தலை சுத்துது." அவன் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

தனியானதும் வேறொரு கேள்வி வந்து நின்றது. ஒருத்தியின் நம்பிக்கையை அறிந்து, அவள் கண்ணை மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து எடுப்பதா? கொஞ்சம் கூசியது. அந்தக் கூச்சத்தை அவள் தள்ளிவிடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். களவு இல்லை, பொய் இல்லை. ஐந்து வருடம் மூடி வைத்த மாவுக்குப் பக்கத்தில் நின்று படித்த பாடம். அதற்குரிய விலையை அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள்.

விலை மூன்று இலட்சத்து இருபதைத் தாண்டியது. பன்னிரண்டுக்கு அதிக நேரம் இல்லை. இந்த வியாபாரி இப்படியே இழுத்துக்கொண்டு போனால் ராகு காலம் கழிந்து துஷா திரும்பி வந்துவிடுவாள். வந்தால் விடமாட்டாள்.

துஷா எவ்வளவு எழுதியிருப்பாள்? ஷிஹாரா கண்ணை மூடி அந்தக் குரலைக் கேட்டாள். "பாவிச்ச சாமானுக்குப் பாதி விலைக்கு மேல ஒரு சதம் குடுக்கக்கூடாது." இந்த அவண் புதிதென்றால் ஏழு இலட்சம். பாதி மூன்றரை. கூட ஒரு ரூபாய்.

ஷிஹாரா மூன்றரை இலட்சமும் இரண்டு ரூபாயும் எழுதி அழுத்தினாள்.

திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு அவளுடைய பதினேழாம் எண் மேலே வந்தது. பச்சை அடையாளம் அணைந்துபோயிருந்தது. ஒன்பதாம் எண்ணும் வரவில்லை. அவ்வளவு பெரிய பாய்ச்சலை வியாபாரிகள் தொடமாட்டார்கள். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும்போதே ஏலம் மூடியது.

பன்னிரண்டு கழிந்ததும் கைப்பேசி அடித்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயர் திரையில் வந்ததில்லை.

"ரெண்டு ரூபாயாடி?" என்றாள் துஷாந்தினி. "மூண்டரை லட்சத்துக்கு மேல ரெண்டு ரூபா! பார்த்த உடன விளங்கினது நீதானெண்டு. வேற எவளுக்கு இந்தக் கள்ளப் புத்தி வரும்?"

"களவில்ல துஷா. ஏலம்."

"ராகு காலத்தில வாங்கினது. உருப்படாது, சொல்லிப்போட்டன்."

"எனக்கு அது பதினொண்டே முக்கால்."

துஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷிஹாராவுக்கும்தான். அந்தச் சிரிப்பில் பழைய இதம் இருந்தது. அதனால்தான் அவள் உஷாரானாள்.

"கேள், ஷிஹா. மாசக் கடைசியில மூண்டு கலியாண ஓடர் இருக்கு. எனக்கு அவண் இல்லை, உனக்கு ஓடர் தர ஆக்கள் இல்லை. திரும்பச் சேருவம். நான் ஓடர் எடுக்கிறன், நீ செய். முந்தி மாதிரி."

முந்தி மாதிரி. விலையை வேறொருத்தி சொல்ல, அடுப்படியில் தலையாட்டிய நாட்கள். ஆம் என்றால் கொட்டாஞ்சேனையின் முதல் மாதமே நிரம்பிவிடும். ஆனால் அந்த அவண் அவளுடையதாக இருக்காது, அவள்தான் அவணுக்குரியவளாக இருப்பாள்.

"ஓடர அனுப்புங்க துஷா. செஞ்சு தாறன்," என்றாள். "விலை நான் சொல்லுவன். பாதி முன்னுக்குத் தரணும். கேக் பெட்டியில என்ட பேர் ஈக்கும்."

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. முந்தியென்றால் இந்த மௌனத்தை நிரப்ப ஷிஹாரா எதையாவது விட்டுக்கொடுத்திருப்பாள். இன்று காத்திருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள் துஷாந்தினி கடைசியில்.

ஷிஹாரா சொன்னாள்.

"விலை கூட."

"வேற இடத்தில கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டுப்போட்டுத்தான் உனக்குக் கோல் எடுத்தனான், விசரி. திங்கட்கிழமை காசு போடுறன்."

நபீஸ் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் அவணின் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு. லொறி ஒண்டு பேசுங்க."

அவன் படத்தை எட்டிப் பார்த்தான். "இது அந்தக் கடை வாசலால போகாது, ஷிஹாரா."

"அப்ப வாசல ஒடைப்பம்," என்றாள் அவள், மேசன் ஒருவரின் எண்ணைத் தேடியபடி.